கிராம சபைக்கு முந்திய வாரமும் பிந்திய மாதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டில் ஜனநாயகம் நலிந்து வருகிறது என்ற கவலை தங்கள் நாளிதழின் தலையங்கப் பக்கத்திலும் வாசகர் கடிதங்களிலும் தொடர்ந்து வெளிப்படுவதைப் படித்து வருகிறேன். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆயினும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நாடாளுமன்றம், சட்டமன்றம், தேர்தல் ஆணையம், நீதிமன்றம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். வாக்காளர் தாமே உறுப்பினராக அமர்ந்து தீர்மானம் போடும் உரிமை பெற்ற கிராம சபையைப் பற்றியும், நகரங்களில் அதைப் போலவே ஒவ்வொரு வார்டின் பகுதிகளிலும் மக்கள் கூடிப் பேச அண்மைக்காலத்தில் வந்திருக்கும் பகுதி சபையைப் பற்றியும் எழுதுவோர் குறைவு. ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியின் வார்டு உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில், ஜனநாயகத்தைக் காக்க விரும்பும் இயக்கம் இந்தச் சபைகளில்தான் வேர்விட வேண்டும் என்றும், அந்த இயக்கத்தின் வேலை சபை கூடும் ஒரு நாளைவிட அதற்கு முந்திய வாரத்திலும் பிந்திய மாதத்திலுமே அதிகம் இருக்கிறது என்றும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஊராட்சி மன்றத்துக்கு ஐந்து ஆண்டுதான் ஆயுள். தலைவருக்கும் எங்களைப் போன்ற உறுப்பினர்களுக்கும் அதுவே எல்லை. கிராம சபைக்கு அத்தகைய எல்லை இல்லை. அதை யாரும் தேர்ந்தெடுப்பதுமில்லை, யாரும் கலைக்கவும் முடியாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம வளர்ச்சித் திட்டத்துக்கும் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடந்துவரும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வது ஆகியவற்றை இச்சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண், தன் ஊருக்கு வந்த பணம் எங்கே போனது என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டு, அந்தக் கேள்வியைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லும் சட்ட உரிமை பெற்ற இடம் இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சபை நிலையானது என்பது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. நம் மாவட்டத்தின் அண்மைக்கால அனுபவம் அதன் மதிப்பை உணர்த்துகிறது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் ரத்தானது. ஊரகப் பகுதிகளுக்கான தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்களின் நிர்வாகம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதன்பின் பதவியேற்ற எங்கள் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்தபோது மறுபடியும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்களே வந்தார்கள். பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. 2006இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாக வலியுறுத்தியிருக்கிறது. சேலம் மாவட்டத்தில் 20 ஊராட்சி ஒன்றியங்களும் 385 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. 385 தலைவர்கள் பார்த்த வேலையை ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் பார்க்க நேர்ந்தால், சராசரியாக ஒருவர் தலையில் 19 ஊராட்சிகள் விழுகின்றன. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பேருந்து போகாத ஒரு மலைக் குக்கிராமத்தில் குடிநீர் மோட்டார் பழுதானதை அன்றே அறிந்து அன்றே கவனிக்க அவரால் இயலாது. இந்த இடைவெளி ஏதோ ஓர் ஆட்சியின் குறை என்றும் நான் கருதவில்லை. தமிழ்நாட்டில் 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தல் அதற்குப் பிறகு 1986இல்தான் நடந்தது, அடுத்தது 1996இல். எந்தக் கட்சி ஆண்டாலும் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது எளிதாக இருந்து வந்ததற்குக் காரணம், கீழே இருந்து அதை உரக்கக் கேட்க அமைப்பாகத் திரண்ட மக்கள் இல்லாததே.

மன்றம் இல்லாத நாளிலும் சபை இருக்கிறது. அப்படியானால் அதை மக்கள் ஏன் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி எழும். நான் பார்த்த வரையில் சபை நடக்கும் முறையே அதற்குப் பெரிதும் காரணம். அறிவிப்பு ஏழு நாள் முன்னதாகத் தரப்பட வேண்டும். நடைமுறையில் முந்திய நாள் மாலை ஒரு வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிப் போவதும் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும் என்று விதி இருப்பதால், வந்தவுடன் கையெழுத்து வாங்குவதில் காட்டப்படும் அவசரம், பொருள் நிரலைப் படித்து விளக்குவதில் காட்டப்படுவதில்லை. கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர்களில் பலர் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எழுந்து பேசுகிறவர் கையில் ஒரு மனு இருக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவரும் திருப்தியோடு போய்விடுகிறார். மனு வேறு, தீர்மானம் வேறு என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. மனு தனிப்பட்ட ஒருவரின் வேண்டுகோளாக ஓர் அலுவலரின் மேசைக்குப் போகிறது. தீர்மானம் எண் இடப்பட்டுப் பதிவேட்டில் ஏறி, ஊரின் முடிவாக நிற்கிறது. வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30இல் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். அதன் முன்னே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது உடனே புலப்படாது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கும் நெடுங்காலமாகக் கிராம சபை நாள்கள். சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பதால் தோட்டத் தொழிலாளர்கள் வர முடியும் என்று தோன்றும். ஆனால் அதே விடுமுறை நாள்களில்தான் ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருவோரின் கூட்டம் அலைமோதுகிறது. படகுத் துறையருகே கடை போட்டிருப்பவர், விடுதியில் அறை துடைப்பவர், வாடகை வண்டி ஓட்டுகிறவர், சாலையோரம் பலாவும் மிளகும் விற்கிற மூதாட்டி ஆகிய அனைவருக்கும் வருமானம் கிடைக்கும் நாள் அது. அந்த நாளை விட்டுவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு வா என்று அவர்களை எப்படி அழைப்பது? 2022இல் அரசு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஐயும், உள்ளாட்சி நாளான நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று ஆக்கியது. அது வரவேற்கத்தக்க முடிவு. ஆயினும் அந்த இரண்டும் பொது விடுமுறை நாள்கள் அல்ல. நவம்பரில் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். மார்ச்சில் மிளகு வேலை முடிந்திராது. ஒரு நாள் கூலியை இழந்துதான் ஒரு பெண் அந்தச் சபைக்கு வர வேண்டும். தூரமும் சேர்கிறது. மாரமங்கலம், நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை எந்த ஊராட்சியானாலும் குக்கிராமங்கள் மலைச் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஊராட்சிக்குள் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே சில மணி நேரம் நடக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

அண்டை மாநிலங்கள் இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. கேரளத்தில் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி ஊராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராம சபை உண்டு. 1996 ஆகஸ்டில் அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, அதை எதற்குச் செலவிடுவது என்பதை இந்த வார்டு சபைகளில் பேசவைத்தது. கர்நாடகத்திலும் கிராம சபைக்குக் கீழே வார்டு சபை இருக்கிறது. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்கள் உள்ள பத்து மாநிலங்களுக்காக 1996இல் வந்த ஊராட்சிகள் விரிவாக்கச் சட்டம், ஒரு குக்கிராமத்தையே தனிக் கிராமமாகக் கருதி அதற்கென ஒரு சபை அமைக்க வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் வாழும் பழங்குடி மக்களாகிய எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. நம் மாநிலத்தில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை இரண்டே தொகுதிகள். சட்டமன்றத்தில் எங்களுக்கு ஒரு குரல் கிடைத்த அளவுக்கு எங்கள் சொந்தக் குக்கிராமத்தில் எங்களுக்கென ஓர் அவை கிடைக்கவில்லை. சட்டம் அதைத் தரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

கிராம சபைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒவ்வொரு குக்கிராமத்திலும் மக்கள் தாமாகவே ஒரு முன்கூட்டம் கூட வேண்டும். அதற்கு அரசாணை தேவையில்லை, அனுமதி தேவையில்லை, பணமும் தேவையில்லை. மாரியம்மன் கோயில் முன்திடலோ பள்ளி வளாகமோ போதும். அந்தக் கூட்டத்தைக் கூட்டவும் நடத்தவும் எழுதவும் தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளிலேயே விரிவுபடுத்தப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்துப் பெண்கள் தவறாமல் கூடி, வருகையைப் பதிந்து, வரவு செலவைப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வருகிறார்கள். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கடன் வாங்கியவர் கட்டவில்லையென்றால் அவரிடமே நேரில் கேட்கிறார்கள். ஜனநாயகப் பயிற்சி என்று பெரிய நகரங்களில் பயிலரங்கு வைத்துக் கற்றுத்தரப்படுபவற்றில் பாதியை இவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். சேமிப்புக்கும் கடனுக்கும் பயன்பட்ட அந்தப் பழக்கத்தை ஊரின் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிடுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

முன்கூட்டத்தில் என்ன பேசுவது என்பதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எல்லாக் குறைகளையும் அடுக்கினால் எதுவும் நடக்காது. ஊருக்கு இன்றியமையாத இரண்டையோ மூன்றையோ தேர்ந்துகொண்டு, அவற்றைத் தீர்மான வடிவில் எழுத வேண்டும். ‘எங்கள் ஊருக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று எழுதினால் அது மனுவாகிவிடும். எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு எந்த மாதங்களில் நீர் வருவதில்லை, மேல்நிலைத் தொட்டியின் நிலை என்ன, எந்த நிதியிலிருந்து எந்தப் பணியை எடுக்க வேண்டும் என்று இந்தச் சபை முடிவுசெய்கிறது என எழுதினால் அதை ஒதுக்கிவிடுவது கடினம். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருந்தது என்பது போன்ற செய்திகளைப் படித்தவர்கள் இங்கே உதவ வேண்டும். சேலம் கல்லூரிகளில் பயிலும் எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, முந்திய சபையின் தீர்மானங்களையும் படிவம் 30ஐயும் சத்தமாகப் படித்துக் காட்டினாலே பெரிய உதவி. காட்டெருமை இறங்கிக் காபிச் செடியை முறிப்பதும், மழைக்காலத்தில் பாதை அறுந்து பிரசவத்துக்குப் போகும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்க நேர்வதும் இந்தக் கூட்டங்களில்தான் முழுமையாக வெளிவரும். ஊராட்சி அலுவலகத்தில் ஒலிவாங்கி முன்னால் பேசக் கூசும் பெண்கள் தங்கள் ஊர்த்திடலில் கூசமாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் ஊர்க்கவுண்டர் தலைமையில் கூடும் ஊர்க்கூட்டம் நெடுநாள் வழக்கம். கோயில் திருவிழாவையும் குடும்பச் சச்சரவுகளையும் அது நன்றாகவே கையாண்டு வந்திருக்கிறது. ஆனால் பல ஊர்களில் ஆண்கள் பேசப் பெண்கள் ஓரமாக நின்று கேட்பதே அதன் முறை. முன்கூட்டம் அந்த முறையில் நடந்தால் பழைய அதிகாரத்துக்குப் புதிய பெயர் சூட்டியதாகவே முடியும். 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் செய்தபின், 2019 தேர்தலில் என் போன்ற பலர் உள்ளே வந்தோம். வந்தவர்களில் சிலரின் நாற்காலியில் கணவரே அமர்ந்ததையும் பார்த்தோம். ஆகவே முன்கூட்டத்தின் தலைமை சுழற்சி முறையில் மாற வேண்டும். பதிவேடு பெண்களிடம் இருக்க வேண்டும்.

சாதியைப் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டது, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் அமர்ந்ததற்காகவே. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டு காலம் அந்த ஒதுக்கீட்டை முடக்கி வைத்திருந்தார்கள். 2006இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. இவை மதுரை, விருதுநகர் பக்கத்துச் செய்திகள், நமக்கு என்ன என்று சேலத்தில் யாரும் ஒதுங்கிவிட முடியாது. பட்டியல் சாதித் தலைவர்கள் தேசியக் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெரும்பான்மை கை தூக்கியது என்பதற்காக ஒருவரின் உரிமையைப் பறிக்கும் தீர்மானம் செல்லுபடியாகாது. இயக்கம் கட்டுகிறவர்கள் இதை முதல் கூட்டத்திலேயே உரக்கச் சொல்லிவிட வேண்டும்; பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் சொல்லவே முடியாமல் போகும்.

கட்சிக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்களும் வாக்காளர்கள், அவர்களும் சபையின் உறுப்பினர்கள். கட்சிக்கொடி இல்லாமல் வந்து, ஊர் எடுத்த தீர்மானத்துக்காக எந்தக் கட்சியிலிருந்தாலும் நிற்பேன் என்று சொல்கிறவரை வரவேற்க வேண்டும்.

இனி, சபை முடிந்தபின் வரும் மாதத்துக்கு வருகிறேன்; பெரும்பாலான முயற்சிகள் தளர்ந்துபோவது இங்கேதான். எடுக்கப்பட்ட தீர்மானம் பேசப்பட்டபடியே எழுதப்பட்டதா என்பதைச் சபை கலைவதற்குள் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் நகலைப் பெற வேண்டும். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு, அதன்பின் முதல் மேல்முறையீடு. ராஜஸ்தானில் 1990களில் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் தங்கள் ஊராட்சியின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் கேட்டு, அவற்றைத் திறந்தவெளியில் மக்கள் முன் படித்துக்காட்டிய போராட்டங்களிலிருந்து வளர்ந்த சட்டம் அது. 2005 அக்டோபர் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு 1997லேயே இப்படியொரு சட்டத்தை இந்தியாவில் முதலாவதாக இயற்றியது என்பது நமக்குப் பெருமைதான், விலக்குகள் மிகுந்திருந்ததால் அது மக்களுக்கு அதிகம் பயன்படவில்லை என்றாலும். நகல் கிடைத்ததும் அதை ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியருக்கும், தொடர்புடைய துறைக்கும் அனுப்ப வேண்டும். அடுத்த முன்கூட்டத்தின் முதல் பொருள், சென்ற தீர்மானம் என்ன ஆயிற்று என்பதாகவே இருக்க வேண்டும். இதைச் செய்ய ஓர் ஊருக்கு இரண்டு பேர் மனமுவந்து முன்வந்தால் போதும். அந்த இரண்டு பேர் கிடைக்காத ஊரில் எவ்வளவு பெரிய கூட்டம் கூடினாலும் பயன் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையிலிருந்து பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனதைக் கண்டவர்கள் நாங்கள். அப்போது எங்கள் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. அதே பாக்சைட்டுக்காக ஒடிசாவின் நியம்கிரி மலை குறிவைக்கப்பட்டபோது, காட்டில் வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை முன்னிறுத்தி, முடிவைக் கிராம சபைகளிடமே விடும்படி 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. இரண்டாவது, நமக்கு அருகிலேயே நடந்தது. 2024 நவம்பரில் மதுரை மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும், அதே மாதம் 23ஆம் நாள் கூடிய கிராம சபைகளில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மேலூரிலிருந்து மதுரைவரை திரண்டார்கள். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் பேரணியின் பலம் ஊர்தோறும் முன்பே எடுக்கப்பட்டிருந்த முடிவுகளில் இருந்தது.

எல்லாவற்றையும் கிராம சபை தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்காக நிலம் எடுத்தபோது, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் கிராம சபையின் சம்மதத்துக்கு இடமே இல்லை. உழவர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பகுதி மாற்றியது. இத்தகைய சட்டங்களில் கிராம சபைக்கு இடம் வேண்டும் என்று கேட்பதும் இந்த இயக்கத்தின் வேலைதான். ஆனால் வன உரிமைச் சட்டம் போன்று ஏற்கெனவே இடம் தந்திருக்கும் சட்டங்களை நாம் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம்? அச்சட்டப்படி உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. அதற்கான வன உரிமைக் குழுவில் மூன்றில் இரு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். தங்கள் ஊராட்சியின் வன உரிமைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் மலையில் எவரைக் கேட்டாலும் பதில் வருவது அரிதாக இருக்கிறது.

சேலம் மாநகர வாசகர்கள் இது மலைக் கதை என்று எண்ண வேண்டாம். 1917 முதல் 1919 வரை இராஜாஜி தலைவராக இருந்த நகர மன்றம் உங்களுடையது. அன்று வரி கட்டும் சிலருக்குத்தான் அங்கே வாக்கு இருந்தது. இன்று நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் கொண்ட மாநகராட்சியில் எல்லாருக்கும் வாக்கு இருக்கிறது, ஆனால் வாக்களித்தபின் வார்டு உறுப்பினரைச் சந்திக்க அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழு கட்டாயம் என்று 74ஆவது திருத்தம் 1993லேயே சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் 2022இல்தான் வந்தன. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை பகுதி சபை நாள்கள். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவர்களிலும், செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை சுமக்கிறவர்களிலும், திருமணிமுத்தாற்றின் கரையில் அதன் நாற்றத்தோடு வாழ்கிறவர்களிலும் எத்தனை பேருக்கு இந்த நாள்கள் தெரியும்? பகுதி சபைப் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுகிறார்கள் என்பது பெருங்குறை. அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், அதுவரை சபையைப் புறக்கணிக்காமல் நிரம்ப உட்காரவும் வேண்டும். மூக்கனேரியைக் குடிமக்கள் சேர்ந்து தூர்வாரி உயிர்ப்பித்த நகரம் இது. ஏரிக்காக மண்வெட்டி எடுத்தவர்களுக்குப் பதிவேட்டை எடுக்கத் தெரியாமல் போகாது. நகர எல்லை விரியும்போது அருகிலுள்ள ஊராட்சிகள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டால் அவ்வூர் மக்கள் தங்கள் கிராம சபையை அன்றே இழக்கிறார்கள். அதற்கு ஈடாகக் கிடைக்கும் பகுதி சபை வலுவாக இருக்க வேண்டியது அவர்களுக்கும் தேவை.

தங்கள் நாளிதழிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. கிராம சபைக்கும் பகுதி சபைக்கும் பத்து நாள் முன்னதாக, சேலம் மாவட்டப் பக்கத்தில் நாள், நேரம், இடம், பொருள் நிரல் ஆகியவற்றை வெளியிடுங்கள். சபை நடந்த மறுநாள் அமைச்சரோ ஆட்சியரோ கலந்துகொண்ட படத்தை வெளியிடுவதோடு நில்லாமல், மூன்று மாதம் கழித்து ஏதேனும் ஐந்து ஊராட்சிகளுக்கு நிருபரை அனுப்பி, எடுக்கப்பட்ட தீர்மானங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால் பதிவேடுகள் ஒழுங்காகும். இதை நான் உறுப்பினராக இருந்தபோது கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தும்படி கிராம சபைகள் நிறைவேற்றும் தீர்மானங்களையும் ஊர்ப் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் ஊரில் மூன்று மகளிர் குழுக்கள் சேர்ந்து, அடுத்த கிராம சபைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முன்கூட்டம் நடத்த முடிவு செய்திருக்கிறோம். குடிநீரும் வன உரிமைக் குழுவின் பெயர்ப் பட்டியலும் அன்றைய பொருள்கள். தங்கள் ஏற்காடு நிருபர் வருவதாக இருந்தால், கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடுவதால், இரவு தங்கிச் செல்லவும் உணவுக்கும் குழுவினர் ஏற்பாடு செய்வார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி மன்ற வார்டு உறுப்பினர்,
ஏற்காடு ஒன்றியம், சேலம் மாவட்டம்.